மூன்று மணி நேர உதவி

“அடுப்பைப் பத்த வெச்சு எனக்கு ஒரு டீ போட்டுத் தாங்க, பார்ப்போம்” என்றார் அதிகாரி.

தம்பி அடுப்படிக்குப் போனான். முப்பத்திரண்டு வயது, ஆட்டிசம் உள்ளவன். அம்மா போன பிறகு நான்கு வருடமாக இந்த ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறான். காலையில் மூன்று மணி நேரம் அரசு அனுப்பும் உதவியாளர் ஒருவர் வந்து போவார். அவரை அவன் அண்ணன் என்பான். எத்தனை மணி நேரம் என்று வருடத்துக்கு ஒருமுறை வந்து எழுதிவிட்டுப் போவது இந்த அதிகாரிதான். போன வருடம் ஆறை மூன்றாக்கியதும் அவரே. அதற்குப் பிறகு மாலையில் துணையில்லாமல் போய், இரண்டு முறை பேருந்து நிலையத்துக் கூச்சலில் திரும்ப வழி தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். இந்த முறை என்ன எழுதுவாரோ என்று பயந்து அக்காவும் இன்று வந்திருந்தாள்.

தம்பி கேஸைத் திறந்தான். பற்றவைக்கவில்லை. வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். வாடை மூக்கில் ஏறியதும் உதவியாளர் ஓடிப்போய் மூடினார். அக்கா தலை குனிந்துகொண்டாள்.

காலை மாத்திரையை எடுக்கச் சொன்னார் அதிகாரி. ஏழு நாள் மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டினான். தெரியாத ஆள் கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சாவியைக் கொடுத்துவிடுவேன் என்றான். இழுப்பறைகளில் அவன் கையெழுத்திலேயே பெயர் ஒட்டியிருந்தது. அதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

அதிகாரி நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: “இவரைத் தனியா விடறது ஆபத்தும்மா. காப்பகத்துக்கு எழுதிட்டேன். திங்கக்கிழமை வண்டி வரும்.”

அந்தக் காப்பகத்தை அக்கா பார்த்திருக்கிறாள். ஒரே கூடத்தில் நாற்பது கட்டில், நாள் முழுக்க டிவி அலறும். மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்பவன் தம்பி.

“மேடம், தினமும் அவனேதான் டீ போட்டுக் குடிக்கிறான். எல்லாம் தெரியும் மேடம்.”

“எல்லா வீட்லயும் கடைசில இதைத்தாம்மா சொல்றாங்க.”

உதவியாளரும் சொல்லிப் பார்த்தார். தன் வேலை போய்விடுமே என்று பேசுகிறார் என அதிகாரி எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு தடவை மறுபடி செய்யச் சொல்லுங்கள் என்று அக்கா கெஞ்சினாள். பாவம் பார்த்து அவரும் தலையாட்டினார்.

“கண்ணா, நீ எப்பவும் போடற மாதிரி போடுடா. அக்கா சொல்றேன்ல?” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

தம்பி அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கேஸைத் திறந்தான். பற்றவைக்காமல் நின்றான்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இனி அழுது புரண்டாலும் அந்தத் தாள் மாறாது.

வாசலில் கார் நகர்ந்தது. தம்பி கதவைத் தாழிட்டான். அடுப்பைப் பற்றவைத்து, மூன்று டீ போட்டு, கேஸை மூடிவிட்டு, ஒன்றை அக்காவிடம் நீட்டினான்.

“நீயும் அண்ணனும் மூணு வாரமா சொல்லிக் குடுத்த மாதிரியே எல்லாத்தையும் தப்பா செஞ்சுட்டேன்க்கா, நீ அழுதப்பக்கூட மாத்தல. போன வருஷம் நல்லா செஞ்சதாலதானே அண்ணனோட நேரத்தைக் கொறைச்சாங்க, இனிமே கொறைக்க மாட்டாங்கல்ல?”