வரிசையில் நிற்காதவள்

"பையைத் திற. இல்லேன்னா நானே திறப்பேன்."

பெரியக்கா போட்ட சத்தத்தில், தையல் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மிச்சசொச்ச மெஷின்களும் நின்றன. கடைசி மெஷின்காரி பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாததால் அவளுக்கு இன்னும் பெயர் ஒட்டவில்லை. எல்லாருக்கும் அவள் 'புதுசு'தான்.

"அதுல ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாத பையை எதுக்குக் கட்டிப் பிடிச்சிருக்கே? தாலாட்டவா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தார்கள்? முதலில் இஸ்திரி போடுகிறவளுக்குக் கண் சிவந்தது. அப்புறம் பட்டன் வைக்கிறவள், காலர் தைக்கிறவள் என்று வரிசையாக வந்து, பாதிப் பேர் வீட்டில் முடங்கிவிட்டார்கள். வேலைக்கு வந்தவர்களும் கண்ணில் நீர் வடிய, ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சட்டைகள் லாரி ஏற வேண்டும். "இந்தக் கண்வலியை உள்ளே கொண்டாந்தது யாருன்னு கண்டுபிடிங்க பெரியக்கா, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடலாம்" என்று காலையில் சொன்ன முதலாளி, இப்போது வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெரியக்கா மேற்பார்வை பார்ப்பவள்தான் என்றாலும் பழகுவது பெற்றவளைப் போல. இந்தக் கண்வலி வந்த நாளிலிருந்து அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். தண்ணீர்க் குவளைகளை வெந்நீரில் போட்டு எடுத்தாள். கைக்காசில் சொட்டு மருந்து வாங்கி, கண் சிவந்தவள், சிவக்காதவள் என்று பார்க்காமல், தினமும் காலையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருத்தியின் மோவாயையும் தூக்கிப் பிடித்துக் கண்ணில் விட்டாள். தனக்கென்று ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவள் கோபப்பட்டால் அதில் நியாயம் இல்லாமல் போகுமா?

அவள் வெடுக்கென்று பையைப் பிடுங்கினாள். உள்ளே கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த சின்ன பாட்டில் கீழே உருண்டது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து.

"பாத்தீங்களா முதலாளி! காலையில மருந்து விடக் கூப்பிட்டா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்குவா. ஏன்னு இப்பத் தெரியுதா? நோயை மறைச்சு, திருட்டுத்தனமா மருந்து விட்டு, தான் மட்டும் தேறிக்கிட்டா. நமக்கெல்லாம் தானம் பண்ணிட்டா!"

"இல்லக்கா, இது வேற மருந்து. எனக்குத் துணித் தூசு ஒத்துக்காது. கண்ணு அரிக்கும், தும்மலா வரும். அதுக்கு டாக்டர் கொடுத்தது."

"தூசு ஒத்துக்காதவளுக்குத் தையல் கூடத்துல என்னடி வேலை?"

"அதனாலதான் மறைச்சேன். இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல எல்லாம் தும்மினதுக்கே அனுப்பிட்டாங்க. எனக்குத் தையலை விட்டா வேற எதுவும் தெரியாதுக்கா. இதுவும் போச்சுன்னா எங்க போவேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணீரைப் பார்த்து இரங்க அங்கே யார் இருந்தார்கள்? காலையிலிருந்து எல்லார் கண்ணிலும்தான் வழிந்துகொண்டிருந்தது.

முதலாளி உள்ளே வந்தார். "அழுகையெல்லாம் அப்புறம். இவ துண்டை யாராவது எடுத்தீங்களா?"

ஒருத்தரும் எடுக்கவில்லை.

"கூட உக்காந்து சாப்பிட்டது?"

"அவ யாரோடயும் சேர மாட்டா, முதலாளி. ஜன்னலோரம் தனியாத்தான்" என்றாள் பட்டன் வைக்கிறவள்.

"அப்ப எப்படித்தான் ஒட்டுச்சு?"

"காத்துல பரவியிருக்கும்!" பெரியக்கா சீறினாள்.

"காத்துலன்னா உங்களுக்கும் வந்திருக்கணுமே?"

"நான் ஒவ்வொருத்தி கண்ணைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுறவ. எனக்கு எப்படி வரும்?"

முதலாளி புதுசுவின் பக்கம் திரும்பினார். "அக்கா சும்மா கொடுக்குற மருந்தை ஏன் வேணாம்னே? அதை மட்டும் சொல்லிட்டுக் கிளம்பு."

"டாக்டர் சொல்லியிருக்காருங்க. பாட்டில் முனை என் இமையில பட்டாக்கூட அதைத் தூக்கிப் போட்டுடணுமாம். என் மருந்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, யாரோட மருந்தையும் நான் விட்டுக்கக் கூடாதாம். அக்கா ஆசையாக் கூப்பிடுறப்ப மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல வாய் வரல. அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

"போதும்டி உன் டாக்டர் கதை!" பாட்டிலைப் பைக்குள் போட்டு அவள் கையில் திணித்தாள் பெரியக்கா. "நட!"

புதுசு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அவளுடைய மெஷினில் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று ஊசிக்கடியில் அப்படியே கிடந்தது.

"அக்கா..." பட்டன் வைக்கிறவள் தயங்கித் தயங்கி எழுந்தாள். "அன்னிக்கு இஸ்திரிக்காரிக்கு விட்டுட்டு அடுத்து எனக்குத்தானே விட்டீங்க? இமையில குத்துதுக்கான்னு சொன்னேன். ஒண்ணும் ஆகாது, அசையாம இருன்னீங்க. அன்னிக்கு என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் காலர் தைக்கிறவள்.

பெரியக்கா இடுப்புப் பைக்குள் கையை விட்டாள். கூடத்தில் இருந்த ஒவ்வொரு கண்ணையும் தொட்டுத் தொட்டு, அவள் தன் கையாலேயே நோயைப் பங்கு போட்ட அந்த ஒரே பாட்டிலில் இன்னும் பாதி மருந்து மிச்சமிருந்தது.