இடது கன்னத்தில் இயேசு

டோன் எலியோதோரோவின் கடைவாய்ப் பல்லில் குழந்தை இயேசு வந்து முட்டினார்.

சுண்டுவிரல் நுனியளவு பொம்மை. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் சுடுகிற வளைய ரொட்டிக்குள் ஒளித்து வைப்பார்கள். யாருடைய துண்டில் வருகிறாரோ அவர்தான் குழந்தைக்கு ஞானத்தகப்பன். பிப்ரவரியில், மேசையைச் சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் அவர் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும்.

டோன் எலியோதோரோ அசரவில்லை. வந்த குழந்தையை மறைத்துச் செலவிலிருந்து தப்பிக்கிற வித்தையில் மெக்சிகோவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாக்கால் ஒரு தள்ளு. குழந்தை இடது கன்னத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. முன்பு இரண்டு முறை விழுங்கியே இருக்கிறார். இரண்டு வருடமும் ஊரில் நல்ல மழை.

ரொட்டியை வெட்டிப் பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி சோயிலா, அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லு, நியெவெஸ்."

நியெவெஸ் எழுந்து நின்றாள்.

"அப்பா, எனக்குக் குழந்தை பிறக்கப் போகுது. அவன் ஓடிட்டான்."

மைத்துனர் சாக்லேட் கோப்பையைக் கீழே வைத்தார். யாரோ அவசரமாகச் சன்னலைச் சாத்தினார்கள். டோன் எலியோதோரோ கத்தினால் அடுத்த தெரு நாய்கள் பதில் சொல்லும்.

தெருவுக்கே செபமாலை சொல்லிக் கொடுக்கிறவர் அவர். டிசம்பர் வந்தால் மகளை எதிரே நிற்கவைத்துவிடுவார்: "ஆம்பளை துணையில்லாம மாதா பெத்தாங்க, அது தேவ வல்லமை. உலகத்துல ஒரே ஒரு தடவைதான் நடந்துச்சு. இந்த வீட்ல ரெண்டாவது தடவைன்னு வந்து நின்னே, வாசலுக்கு அந்தப் பக்கம்தான்."

வாயைத் திறந்தார். குழந்தையின் கால் நாக்கடியில் வந்து நின்றது. மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் மகள் சொல்வதைக் கேட்டார். அவள் பேசக் கற்ற நாளிலிருந்து, அவளுடைய முதல் வாக்கியத்தைத் தாண்டி அவர் கேட்டதேயில்லை.

"நீங்க போகச் சொல்வீங்கன்னு பையைக் கட்டிக் கதவுகிட்ட வச்சுட்டேன்பா. டாக்டரம்மா அதோட நெஞ்சுச் சத்தத்தைப் போட்டுக் காட்டுனாங்க. குதிரை ஓடுற மாதிரி இருந்துச்சு. உடனே உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு."

தொண்டை வரை ஏறி வந்த கத்தல் குழந்தைமேல் முட்டித் திரும்பியது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. இறங்க இறங்கச் சூடு குறைந்தது.

சுவிசேஷம் முழுக்கத் தேடினாலும் மாதாவின் கணவர் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. சாதுவான மனுஷர் என்றுதான் டோன் எலியோதோரோ இத்தனை நாள் நினைத்திருந்தார். இன்றைக்கு ஒரு சந்தேகம் வந்தது. சூசையப்பர் வாயிலும் ஏதோ இருந்திருக்கிறது.

மாதாவிடம் தேவன் கேட்டது வயிற்றில் இடம். சூசையிடம் கேட்டது வீட்டில் இடம். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் இடம் கேட்டு வரும்போது இப்படித்தான் வருவார் போல. சுண்டுவிரல் அளவில், பேச்சு வராமல்.

எழுந்தார். நேராகக் கதவுக்குப் போனார். மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டார்.

பையைத் தூக்கினார். கொண்டுபோய் மகளின் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தார். வந்து அவள் தலையில் கையை வைத்தார். எடுக்கவில்லை. அவள் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அவருடைய தங்கை ஓபுலியா சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க அண்ணன் ஒரு வார்த்தை பேசலியே! இதுவே பெரிய புதுமை."

சோயிலா எழுந்து வந்தாள். சின்னப் பிள்ளைக்கு ஏந்துவதுபோல் அவர் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"போதும், துப்புங்க," என்றாள் காதோடு. "குழந்தையை உங்க துண்டுல பார்த்து வச்சதே நான்தான்."