இடம் காத்த அட்டை

ஓர் அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கிலிருந்து எந்த ஆவணக் கட்டு வெளியே சென்றாலும், அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டையை நிறுத்திவைப்பார்கள். கட்டு எங்கே சென்றது என்பதை அந்த அட்டை சொல்லும்.

ஒருநாள் நிலப்பதிவுக் கட்டு ஒன்று நகலெடுக்கும் அறைக்குச் சென்றது. அதனிடத்தில் அட்டை நின்றது. பக்கத்திலிருந்த பருத்த கட்டு சிரித்தது.

“டேய் அட்டை! என் வயிற்றில் நூறாண்டுச் செய்தி இருக்கிறது. உன்னிடம் இருப்பது ஒற்றை வரி. கீழே விழுந்து தொலை. நான் சற்றுச் சாய்ந்துகொள்கிறேன்.”

“மன்னியுங்கள் ஐயா. என் இடமென்றால் இப்போதே தந்துவிடுவேன். இது இன்னொருவர் இடம். அவர் வரும்வரை அசைய மாட்டேன்.”

கட்டு சாய்ந்து அழுத்தியது. அட்டை வளைந்தது, விழவில்லை.

அப்போது பணியாளர் செங்கமலம் விரைந்து வந்தார். வெளியே உழவர் ஒருவர் காத்திருந்தார். மறுநாள் தீர்ப்பு, அந்த நிலப்பதிவைக் காட்டாவிட்டால் அவர் வீடு போய்விடும். வெற்றிடத்தைக் கண்டு திகைத்த செங்கமலத்தின் கையில் அட்டை தட்டுப்பட்டது.

“அப்பாடா, நகலறையில்தான் இருக்கிறது!”

மாலைக்குள் நகல் உழவரிடம் சேர்ந்தது. நிலப்பதிவும் தன் இடத்திற்குத் திரும்பியது.

மறுநாள் பருத்த கட்டுக்கே அழைப்பு வந்தது. செங்கமலம் அதை உருவியெடுத்து, அந்த இடைவெளியில் அதே வளைந்த அட்டையைச் செருகினார். தள்ளுவண்டியில் ஏறிய கட்டு திரும்பிப் பார்த்தது.

“ஐயா… என் இடம்…” என்று இழுத்தது.

“போய் வாருங்கள். நான் நிற்கிறேன்,” என்றது அட்டை.