படகைக் கட்டி முடிக்கும்வரை

படகிலிருந்து நான் மாட்டிய கயிறு மூன்றாவது முறையும் துறை வளையத்திலிருந்து நழுவியது.

அம்மா இறங்குதுறையில் நின்றார். முதுகு ஏரிப் பக்கம். முகம் கிராமத்துத் தேவாலயத்தின் பக்கம்.

ஏரிக்குள் கொஞ்சத் தூரம் போய் ஆருஷின் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்திருந்தோம். என் தம்பி. இருபத்திரண்டு வயது.

"கரைச்ச பிறகு ஒருத்தரும் திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்தா அவன் போகமாட்டான்" என்று ஐயர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

துடுப்பு வலிப்பவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஐயருக்கு அது தெரிந்திருக்காது. எங்களுக்கும் படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அம்மா எனக்கு எதிரே இருந்தார். அவர் கரையைப் பார்த்தபடி. நான் அவனைப் பார்த்தபடி.

சாம்பல் உடனே அமிழ்ந்துவிட்டது. கூடப் போட்ட செவ்வந்தி மாலை அமிழவில்லை. பழக்கமில்லாத என் கைகள் துடுப்பு வலித்த வேகத்திலேயே அதுவும் படகின் பின்னால் வந்தது.

காற்று கரைப் பக்கம் வீசியது. நான் இயற்பியல் படித்தவள். புறப்படும் முன் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

பாதி வழியில் அம்மா எட்டி என் கண்ணாடியைக் கழற்றினார். தெறித்திருந்த நீரைச் சால்வை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார். அதன் பிறகு என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

நான் அழுகிறேனா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

இப்போது மாலை படகுக்கும் துறையின் மரக்காலுக்கும் நடுவில் வந்து முட்டியது. சத்தமில்லாமல் துடுப்பால் தள்ளினேன். போனது. திரும்பவும் வந்தது.

"போயிட்டானோ?" என்று அம்மா தேவாலயத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஓம் அம்மா. போயிட்டான்."

கயிறு ஒருவழியாக வளையத்துக்குள் போனது. இறுக்கி முடிச்சுப் போட்டேன். மாலையை இன்னொரு முறை தள்ளினேன்.

"தள்ளாதை பிள்ளை. வாறவன் வரட்டும்."

அம்மா ஒருமுறைகூடத் திரும்பியிருக்கவில்லை.

நான் கண்ணாடியைக் கழற்றி, படகில் அம்மா பார்த்திருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினேன். அம்மா துடைத்த இரண்டு வில்லைகளிலும், என் முதுகுக்குப் பின்னாலிருந்த ஏரி சின்னதாகத் தெரிந்தது.