நாக்குக்கு அடியில்

"வாயைத் தொறங்க."

சுகந்தியின் விரல் நுனியில் அந்த மாத்திரை இருந்தது. மிளகைவிடச் சிறியது. வெள்ளை.

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

நெஞ்சுக்கு நடுவே எரிந்தது. தொண்டைவரை ஏறி இறங்கியது. முகம் கொதித்தது. காதுமடல் சிவந்திருக்கும் என்று கண்ணாடி பார்க்காமலே தெரிந்தது. அந்தச் சிவப்பு பழகிப் போனதுதான். மூக்கடைப்பும் பழகிப் போனதுதான். இந்த எரிச்சல் மட்டும் புதிது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிர்வீட்டு டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னாக் கேளுங்க. நாக்குக்கு அடியில வெச்சாப் போதும். தண்ணிகூட வேணாம்."

அவள் மாத்திரையை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

அவளுடைய முதல் கணவர் இப்படித்தான் போனார். கட்டிலில் உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, வாயுதான் என்று சொல்லிக்கொண்டே. அன்று வீட்டில் அந்த மாத்திரை இல்லை. ஒன்று இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அது இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. கைப்பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. காலாவதியானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வைப்பாள். போன தை மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் இவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோதும் அந்த டப்பா கூடவே வந்தது.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முதல் மனைவி இறந்த துக்கம் ஆறுவதற்குள் சர்க்கரை வந்து சேர்ந்தது. சர்க்கரை எடுத்துக்கொண்டு போனவற்றில் ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வராத பக்கமாகப் பார்த்து ஒரு டாக்டரிடம் போனார்.

மாத்திரை எழுதிக் கொடுத்த அந்த டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரையோடு இது சேரவே கூடாது. பிரஷர் தடாலென்று இறங்கிவிடும். ஆளே போய்விடலாம்.

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். அட்டை கிழிகிற சத்தம் கேட்கக் கூடாது.

இன்று சாப்பிட்ட கையோடு போட்டிருந்தார்.

"என்னால இன்னொரு தடவ முடியாதுங்க" என்றாள் சுகந்தி.

மாத்திரை அவர் உதட்டைத் தொட்டது.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது கூடாது சுகந்தி. நான் வேற ஒண்ணு போட்டிருக்கேன்."

"வேற என்ன?"

எதிர்வீட்டில் யாரோ அவுட் என்று கத்தினார்கள்.

கத்தல் அடங்கியதும் அவர் மாத்திரையின் பெயரைச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. எதற்கான மாத்திரை என்று சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, இரண்டே வார்த்தையில்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

"அப்ப அந்தத் தலைவலி?"

"இதனாலதான்."

சுகந்தி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சேர்ந்து படுக்கிற ஒவ்வொரு முறையும், முடிந்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நெற்றியை அழுத்திக்கொள்வார். சைனஸ் என்பார். பொறுக்க முடியாதபோது தைலத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். ஹாலில் முதல் மனைவியின் படம் மாட்டியிருந்தது.

"நான் வேற என்னமோ நெனச்சிட்டேன்."

என்ன நினைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் படத்துக்கு இவள் ஏன் ஒருநாள் விடாமல் பூ வைத்தாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நிற்பாள். மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி.

அவள் எழுந்தாள். செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

"கெளம்புங்க. வாயுவா என்னான்னு டாக்டர் சொல்லட்டும்."

ஆட்டோவில் அவர் கையைப் பிடித்தபடியே வந்தாள். ஆறுதலுக்கா, நாடி பார்க்கவா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டர். மகள் வயதுப் பெண்.

"வேற ஏதாவது மாத்திர எடுக்கறீங்களா சார்?"

பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. நர்ஸ் ஊசியோடு காத்திருந்தாள். அவர் பக்கத்துக் கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சுகந்திதான் சொன்னாள். பெயரைப் பிசகாமல் சொன்னாள். சாப்பிட்டதும் போட்டார் என்றாள். நெஞ்சுவலி மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.

இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். காத்திருக்க வைத்து மறுபடியும் எடுத்தார்கள். பிறகு டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல சார். இது நெஞ்சுக் கரிப்புதான். மதியம் மட்டனா?"

அவர் தலையாட்டினார்.

"இந்த மாத்திர சிலருக்கு அப்படிப் பண்ணும். தலவலி, மூஞ்சி செவக்கறது எல்லாம் இதோட சேந்ததுதான். நீங்களா கூட்டாதீங்க, கொறைக்காதீங்க. எழுதிக் குடுத்தவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. டோஸ கொறச்சுப் பாக்கலாம், வேற மாத்திரகூட இருக்கு. ஆனா அம்மா சொன்னாங்கல்ல, அத மட்டும் என்னைக்கும் மறக்காதீங்க."

சரி என்றார். எழுந்து நின்றுவிட்டார்.

"வேற எதாவது கேக்கணுமா?"

இல்லை என்று அவசரமாகத் தலையசைத்தார்.

அதுவரை நின்றுகொண்டிருந்த சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மாத்திரயப் பத்தி எனக்குக் கேக்கணும் டாக்டர்."

அவர் வெளியே இருப்பதாகக் கையைக் காட்டிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"நீங்களும் உக்காருங்க" என்றாள்.