செம்பருத்திக்கு ஒரு சாண்

1998 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. இளங்குளிர், வானம் தெளிவாக இருந்தது.

புனேவை அடுத்த சிஞ்ச்வட்டில் எங்கள் தரைத்தள வீட்டின் முன் நிற்கும் செம்பருத்தியின் இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. காலஞ்சென்ற என் கணவர் கிட்டு வளர்த்தவற்றுள் எஞ்சியது அது ஒன்றே. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வட்டமாக மண்ணைக் கிளறி எருவிடுவது அவருடைய வழக்கம். நானும் என் கையால் ஒரு சாண் அளந்து, அவ்வாறே செய்தேன்.

மறுநாள் காலையில் என் வட்டம் மூடப்பட்டிருந்தது. அதற்கு வெளியே மூன்று விரற்கடை தள்ளி வேறொரு வட்டம் கிளறப்பட்டு, எரு அதில் இடப்பட்டிருந்தது. அடுத்த வாரமும் அவ்வாறே நிகழ்ந்தது.

மாடிவீட்டு ஹசீனாவிடம் கூறினேன். அவள் சிரித்தாள்.

"உங்க சாண் என்ன, அண்ணன் சாண் என்ன பாமாக்கா? அவர் கை முறம் மாதிரில்ல இருக்கும்! நீங்க வேரையில்ல வெட்டியிருக்கீங்க."

"அப்ப தள்ளிப் போட்டது யாரு ஹசீனா?"

அவள் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூன்றாம் ஞாயிறன்று சரியான தொலைவில் கிளறினேன். மறுநாள் எதுவும் மாறியிருக்கவில்லை. செடி துளிர்த்தது. ஆனால், விடிந்ததும் வாசலுக்கு ஓட எனக்குக் காரணம் இல்லாமற் போயிற்று.

ஆகவே டிசம்பர் 6 அன்று, வேர் அறுபடும் என்று அறிந்தே, மீண்டும் என் சாணளவில் கிளறினேன்.

மறுநாள் என் வட்டம் மூடப்பட்டிருந்தது. புதிய வட்டம் எதுவும் இல்லை. இனிக் கிளறாதே என்பதுபோல், மண் முழுவதும் அகன்ற உள்ளங்கையால் அழுத்திச் சமன்செய்யப்பட்டிருந்தது. என் விரல் அதில் இறங்கவில்லை. அப்போது காலை மணி ஆறு பத்து.