வங்கியைச் சிறைபிடித்த பால்சட்டி
“என் பால்சட்டியால ஒரு வங்கியையே சிறைபிடிச்சிட்டேன்!” என்று புவெனஸ் அய்ரெஸ் நகரமே கேட்கக் கூவுகிறாள் ஓய்வுபெற்ற ஆசிரியை எல்விரா. வீட்டை விற்றுப் போட்ட டாலரெல்லாம் அந்த வங்கிக்குள்ளே இருக்கிறது. எடுக்க விடாமல் அரசு முடக்கிவிட்டது. அந்த ஊரின் ஜனவரிக் கோடை வெயிலில் வங்கியின் இரும்பு ஷட்டர் கொதிக்கிறது. பணம் போட்டவர்கள் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து அடித்ததில் அதன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. எல்விராவின் கடைசி அடியில் அது வளைந்து இறுகிவிட்டதாம். “டாலர் போட்டவங்களுக்கு டாலராவே தருவோம்னு அரசாங்கம் சொல்லுது. அதை விட்டுட்டுச் சட்டியை நம்புறீங்களே டீச்சர்!” என்று சிரிக்கிறார், தன் சேமிப்பையும் அங்கேயே போட்டிருக்கும் பக்கத்து வீட்டு அன்செல்மோ. உள்ளிருந்து மேலாளர் ஷட்டரைத் தட்டுகிறார். “அம்மா, இது ஏற மாட்டேங்குது. என்னை வெளிய விடுங்க!” “அரசாங்க உத்தரவு வரட்டும், தம்பி!” என்கிறாள் எல்விரா. அன்செல்மோ இரு கைகளாலும் ஷட்டரைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளங்கை சுடுகிறது, இரும்பு அசையவில்லை. அவர் சிரிப்பு மெல்ல வடிகிறது. “நிஜந்தான் டீச்சர். நம்ம பணத்தோட அவனும் மாட்டிக்கிட்டான்.”